ஏழு நிமிடச் சாட்சி

சுவர் இடப்பக்கம், கதவு கால்மாட்டில், ஜன்னல் தலைமாட்டில் என்று மனத்துக்குள் ஒருமுறை சொல்லி உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே சுகிர்தா கண்களை மூடினாள். பதினேழு ஆண்டுகளாகப் பிரசங்கியான கணவரோடு ஊர் ஊராகச் சென்று, விசுவாசிகளின் வீடுகளில் தங்கி, பிறருடைய கட்டில்களில் படுத்தெழுந்ததில் அவள் கற்றுக்கொண்ட சாமர்த்தியம் அது ஒன்றுதான். இல்லாவிட்டால் விடியற்காலையில் எழுந்து சுவரில் போய் முட்டிக்கொள்ள நேரிடும். ஒருமுறை அப்படி முட்டிக்கொண்டபோது, பதறிப்போய் எண்ணெய் கொண்டுவந்து தேய்த்த வீட்டம்மாளிடம், இது எந்த ஊர் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இது ஜோலார்பேட்டை. அதில் ஐயமில்லை, சற்று நேரத்துக்கு ஒருமுறை இரயில் ஒன்று கடந்துபோகிறது, அப்போதெல்லாம் ஜன்னல் கம்பியும் மேசை மேலிருக்கும் பென்சில் டப்பாவும் ஒரே சுருதியில் நடுங்குகின்றன. ஊழியக்காரர்கள் வந்தால் பெரும்பாலும் பிள்ளைகளின் அறையைத்தான் ஒழித்துக் கொடுக்கிறார்கள். பெரியவர்களின் அறையில் பீரோ இருக்கும், பழைய கடிதங்கள் இருக்கும், ஏதாவது சண்டையின் மிச்சம் இருக்கும். பிள்ளைகளின் அறையில் ஒளித்துவைக்க என்ன இருக்கிறது? சுவரில் நான்காம் வகுப்பு 'பி' பிரிவின் பாடவேளை அட்டவணை. கதவில் பட்டாம்பூச்சி ஒட்டுப்படங்கள். தலையணையில் தேங்காய் எண்ணெயும் பிள்ளைத்தலையின் வியர்வையும் கலந்த மணம். எத்தனை பிள்ளைகளை எத்தனை கட்டில்களிலிருந்து எழுப்பிவிட்டிருக்கிறோம் என்று எண்ணத் தொடங்கினால் ஆடு எண்ணித் தூங்குவதுபோலத் தூங்கிவிடலாம், ஆனால் எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் தன் பிள்ளையிடம் வந்து நின்றுவிடும். தன் மகள் லிடியாவும் இப்படித்தான், தாயும் தகப்பனும் ஊழியக் கூட்டங்களுக்குப் போகப் போக, பன்னிரண்டு வயதிலேயே சொந்தக் கட்டிலைவிட்டு விடுதிக் கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தாள். இடக்கை மரத்துப்போயிருந்தது. அதன்மேல் தலைவைத்துப் படுத்தது காரணமாக இருக்கலாம். எடுத்து மார்பின்மேல் வைத்துக்கொண்டாள், வேறொருத்தியின் கையை எடுத்துவைப்பதுபோல. பிற்பகல் மணி இரண்டே முக்கால். ஆறு மணிக்குக் கூட்டம். அதற்குள் தூங்க வேண்டும், அல்லது சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்று.

சொல்ல வேண்டியது மதியச் சாப்பாட்டின்போது வந்து சேர்ந்தது. பியூலா, இந்த வீட்டுக்காரி, முப்பத்திரண்டு முப்பத்துமூன்று வயதிருக்கும், கணவன் இரயில் ஓட்டுகிறவன், இன்று சேலத்துக்கோ ஈரோட்டுக்கோ வண்டியெடுத்துப் போயிருக்கிறான், நாளைக்குத்தான் வருவான். பியூலா உட்கார மாட்டாள். ஊழியக்காரர் சாப்பிடும்போது வீட்டுக்காரி நின்று பரிமாறுவதே வழக்கம் என்று யாரோ அவளுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். கோழியின் கால்துண்டைத் தேடிப்பிடித்துச் சுகிர்தாவின் இலையில் வைத்தாள், வயிற்றுப்புண் என்று சொன்னால் கேட்கவா போகிறாள், வைத்துவிட்டு, "பாஸ்டரம்மா, ஒரு நல்ல சேதி சொல்லட்டுமா? நேத்து ராத்திரியே நிறுத்திட்டேன்" என்றாள். "எதைம்மா?" "எங்க அக்சாவுக்கு வலிப்புக்குக் குடுக்கிற மாத்திரையைத்தான். நேத்து நீங்க சாட்சி சொன்னீங்க இல்ல, அப்பவே உள்ளுக்குள்ள ஒரு சத்தம், உனக்கு மட்டும் ஏன் விசுவாசம் பத்தலைன்னு. நேத்து ராத்திரியும் குடுக்கல, இன்னிக்குக் காலையிலயும் குடுக்கல. மிச்சம் இருக்கிறதை எல்லாம் கர்ச்சீப்புல கட்டிவெச்சிருக்கேன். சாயந்திரம் மேடைக்கிட்டக் கொண்டாந்து வெச்சுடுவேன், நீங்க அன்னிக்கு வெச்ச மாதிரியே." சுகிர்தாவின் கணவர் பாக்கியநாதன், சோற்றை வாயில் வைத்துக்கொண்டே, "ஸ்தோத்திரம்" என்றார். அந்தக் கவளத்தை அவர் மென்றார், மேலும் மென்றார், விழுங்க நெடுநேரம் ஆயிற்று. பிறகு, "பிள்ளையோட அப்பாவுக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். "அவரு வந்தா டாக்டரு டாக்டரும்பாரு ஐயா. ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வர்றதே டூட்டி இல்லாத அன்னிக்குத்தான். அவருக்கு இன்னும் அந்த அளவுக்கு விசுவாசம் வரல." சுகிர்தா என்ன சொன்னாள்? "கர்த்தர் பெரியவர்" என்றாள். அவள் சொல்லவில்லை, வாய் சொல்லிற்று. வாய்க்குப் பழக்கமான சொல். அதற்கடுத்து, "ரசம் இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்றாள். அதையும் வாய்தான் சொல்லிற்று. இரண்டு சொற்களுக்கும் எடை ஒன்றாகவே இருந்ததை இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே அவள் கவனித்தாள், கவனித்ததற்கு வருந்தவும் முயன்றாள், வருத்தம் வரவில்லை. பூட்டிய வீட்டின் கதவைத் தட்டிப் பார்ப்பதுபோலத்தான் அது, உள்ளே ஆளில்லை என்று தெரிந்தும் மரியாதைக்காக இரண்டாம் முறையும் தட்டுவோமே, அதுபோல.

நேற்றும் சாட்சி ஏழு நிமிடம்தான். தொடக்கத்தில், லிடியாவுக்கு நான்கு வயதாயிருந்த காலத்தில், இருபத்திரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டாள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது, காய்ச்சலோடு வலிப்பு வந்தது, பிறகு காய்ச்சல் இல்லாமலே வலிப்பு வந்தது, திருநெல்வேலியில் ஒரு மருத்துவர், மதுரையில் ஒருவர் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவாள். பாக்கியநாதன் கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டு, "ஜனங்க கொட்டாவி விடுறாங்க சுகிர்தா, மதுரை வேண்டாம்" என்று முதலில் மதுரையை எடுத்தார். பிறகு மாமியார் அழுததை எடுத்தார். செதுக்கச் செதுக்கச் சாட்சிக்கு ஓர் உருவம் வந்தது. 'என் பிள்ளை நீலம் பாரித்துப்போனாள்' என்று சொல்லிவிட்டு மூன்று எண்ணும்வரை நிறுத்த வேண்டும். 'என் மடியிலே' என்ற இடத்தில் அழுகை வரும். வரவழைக்க வேண்டியதில்லை, தானாகவே வரும், குழாயைத் திருகினால் தண்ணீர் வருவதுபோல அந்தச் சொல்லைத் திருகினால் கண்ணீர் வரும். சென்ற ஆண்டு அரூரில் அழுதுகொண்டிருக்கும்போதே, வீட்டில் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தோமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் ஒரு கிழவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அவரைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. கடைசி வாக்கியத்தை மட்டும் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைக்க வேண்டும்: 'அன்று முதல் இன்று வரை என் மகள் ஒரு மாத்திரைகூட உட்கொண்டதில்லை.' அவ்வளவுதான். அந்த இடத்தில் கூட்டம் எழுந்துவிடும். நேற்றும் எழுந்தது. எழுந்தவர்களில் பியூலா இருந்தாள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு அக்சா நின்றாள், ஒன்பது வயது, முன்பற்களில் ஒன்று பாதி உடைந்திருந்தது. விழுந்ததில் உடைந்திருக்கும் என்று சுகிர்தாவுக்கு உடனே தெரிந்தது. அப்படி உடையும் பற்களை அவள் அறிவாள்.

மாத்திரையை நிறுத்தியிருந்த அந்த எட்டு மாதங்கள் மட்டும் பொய்யல்ல. இதை யாரிடமாவது அடித்துச் சொல்ல வேண்டும்போல இருக்கிறது, யார் கேட்டார்கள்? சாத்தான்குளத்துக் கூட்டத்தில் மாத்திரைகளைக் கைக்குட்டையில் முடிந்து மேடையின் படியில் வைத்தது உண்மை. அன்றிரவு பிள்ளை ஒருக்களித்துப் படுத்து, வாயிலிருந்து எச்சில் ஒழுக, சாதாரணப் பிள்ளையைப்போல உறங்கியது உண்மை. எட்டு மாதங்கள் ஒன்றுமே நேராதிருந்ததும் உண்மை. அந்த எட்டு மாதங்களில் சுகிர்தா ஜெபித்ததுபோல வாழ்நாளில் பிறகு ஒருபோதும் ஜெபித்ததில்லை, பாத்திரம் துலக்கும்போதுகூட உதடு அசைந்துகொண்டே இருக்கும், எதிரே ஒருவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதுபோல அவ்வளவு அருகில். அந்த மகிழ்ச்சியில்தான் பாக்கியநாதன் கூட்டுறவுப் பண்டகசாலை வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்தார். ஒன்பதாம் மாதம் அவர் ஒரிசாப் பக்கம் கூட்டங்களுக்குப் போயிருந்தார். இவள் பிள்ளையை அழைத்துக்கொண்டு வள்ளியூர்ப் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தாள், பிள்ளை கடலைமிட்டாய் கேட்டது, இவள் பையைத் திறந்தாள், திரும்புவதற்குள் கீழே விழுந்துவிட்டது. யாரோ ஓடிவந்து பிள்ளையின் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். இரும்பைப் பிடித்தால் நின்றுவிடும் என்றார்கள். நிற்கவில்லை. நெடுநேரம் நிற்கவில்லை. நாகர்கோவிலில் அந்த மருத்துவர் இளம்பெண், இவளைவிடச் சின்னவள், "மாத்திரையை யாரும்மா நிறுத்தச் சொன்னது?" என்று கேட்டாள். "ஊருக்குப் போயிருந்தோம், எடுத்துவைக்க மறந்துட்டேன்." "மறக்கிற விஷயமாம்மா இது? பிள்ளை திரும்பி வந்ததே பெரிசு." இவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதுதான் முதற் பொய், அதுவும் மருத்துவரிடம், அதுவும் கடவுளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காக. அவரைக் காப்பாற்றுகிறோம் என்று உண்மையிலேயே நினைத்தாள். மாத்திரை மறுபடியும் தொடங்கியது. கணவர் வந்ததும் சொல்லிவிடலாம் என்றிருந்தாள். பன்னிரண்டு நாள் கழித்து அவர் வந்தார், வண்டியைவிட்டு இறங்கும்போதே முகமெல்லாம் ஒளியாக இருந்தது, செருப்பைக்கூடக் கழற்றாமல், "நம்ம லிடியாவோட சாட்சியைச் சொன்னேன் சுகிர்தா, ஒரே கூட்டத்துல நூறு பேர் எழும்பினாங்க" என்றார். தொண்டைவரை வந்திருந்த சொல் அப்படியே இறங்கிற்று. நாளைக்குச் சொல்லலாம். நாளைக்கு வேறொரு ஊர். அடுத்த நாளைக்கு மற்றோர் ஊர். ஊர்கள் இப்படி வந்துகொண்டேயிருந்தால் ஒருத்தி எந்த ஊரில்தான் நின்று சொல்லுவாள்?

மருந்தின் வழியாகக் கர்த்தர் செய்யமாட்டாரா, அதுவும் அவர் கொடுத்ததுதானே, என்று அவளே அவளுக்குப் பலமுறை சொல்லிக்கொண்டதுண்டு. நல்ல வாதம்தான். குறை கண்டுபிடிக்க முடியாத வாதம். ஆனால் அதை மேடையில் ஒருமுறைகூடச் சொன்னதில்லையே, ஏன்? லிடியாவுக்கு ஆறு வயதில், "அப்பா கேட்டா என்ன சொல்லணும்?" என்று இவள் கேட்பாள், "சத்து மாத்திரை" என்று அது சொல்லும், சொல்லிவிட்டுச் சிரிக்கும், அதற்கு அது விளையாட்டு. பத்து வயதில் சிரிப்பு நின்றுவிட்டது. சென்ற கிறிஸ்துமஸுக்குக் கல்லூரியிலிருந்து வந்தவள், முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "அம்மா, நீ ஊர் ஊராச் சொல்ற கதையில ஒரு பொண்ணு வர்றாளே, அவ யாரும்மா? அவளை நினைச்சா எனக்குப் பொறாமையா இருக்கு" என்றாள். இவள், "கோஸைப் பொடியா நறுக்கு" என்றாள். பாக்கியநாதனுக்குத் தெரியுமா? இந்த இடத்தில்தான் எண்ணம் எப்போதும் முள்ளில் மாட்டிய சேலைபோல நின்றுவிடுகிறது, இழுத்தால் கிழிகிறது, விட்டால் நகரமாட்டேன் என்கிறது. லிடியாவை முதன்முதலாக விடுதியில் விடப் போனபோது அவர் அவளுடைய தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார், வாசலில் இறக்கிவைத்துவிட்டு, "அடியில வெச்சிருக்கிறதை நசுங்காமப் பாத்துக்கோ" என்றார். போர்வைக்கு அடியில் மாத்திரைகள் இருந்தன. ஆனால் கண்ணாடிச் சட்டம் போட்ட குடும்பப் படமும் அங்கேதான் இருந்தது. கண்ணாடியைத்தான் சொல்லியிருப்பார். கண்ணாடி நசுங்குமா, உடையுமா? உடையும். நசுங்காமல் என்று ஏன் சொன்னார்? ஒன்பது ஆண்டுகளாக இந்தக் கேள்வியை அவள் எத்தனையோ கட்டில்களில் புரட்டிப் படுத்திருக்கிறாள். தெரிந்தே கேட்காமலிருக்கிறவர் ஒருவரா, அல்லது மேலேயும் ஒருவர் அப்படியே தெரிந்தும் கேட்காமல் இருக்கிறாரா? இதுவே முன்னொரு காலத்தில் அவளை நடுங்கவைத்திருக்கும். இப்போது மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு இதை நினைக்க முடிகிறது. மூன்று இறக்கைகள், ஒன்றில் மட்டும் தூசி அதிகம்.

தெருவில் ஆட்டோ ஒன்று ஒலிபெருக்கியோடு போயிற்று. 'அற்புத சாட்சி, இன்று மாலை ஆறு மணிக்கு, குடும்பமாக வாரீர்' என்றது. அவளைத்தான் சொல்கிறது. கூடத்தில் அக்சாவின் பேச்சுக்குரல் இதுவரை கேட்டுக்கொண்டிருந்தது, பொம்மைக்கு ஏதோ பாடம் நடத்திக்கொண்டிருந்தாள், இப்போது கேட்கவில்லை. சுகிர்தா மூச்சை நிறுத்திக் கேட்டாள். மௌனம் எத்தனை வகை என்று வலிப்புள்ள பிள்ளையைப் பெற்றவளைக் கேட்க வேண்டும். தூங்குகிற மௌனம், படம் வரைகிற மௌனம், எதையோ உடைத்துவிட்டு நிற்கிற மௌனம், பிறகு அந்த மற்ற மௌனம். இரண்டு வேளை விட்டுப்போயிற்று. இன்றிரவு மூன்றாவது. லிடியாவுக்கு எட்டு மாதம் ஒன்றும் நேரவில்லையே, இந்தப் பிள்ளைக்கும் அப்படியே ஆகலாம். நாளை மதியம் நாங்கள் வாணியம்பாடிக்குப் போய்விடுவோம். அதற்குப் பிறகு எது நேர்ந்தாலும் அது எங்கள் காதுக்கு வராது, வந்ததேயில்லை. இந்த எண்ணம் எவ்வளவு சீராக, எவ்வளவு குளிர்ச்சியாக வந்து உட்கார்ந்தது! வந்ததேயில்லை. அப்படியானால் இதற்கு முன்பு எத்தனை பியூலாக்கள் எத்தனை கைக்குட்டைகளில் முடிந்து கொண்டுவந்து வைத்தார்கள்? மேடையின் படிகளில் அவள் பார்த்திருக்கிறாள், மாத்திரைகள், மூக்குக்கண்ணாடிகள், ஒருமுறை ஒரு தாங்குகட்டை. கூட்டம் முடிந்ததும் யார் அவற்றை எடுத்துக்கொண்டு போனார்கள் என்று அவள் கேட்டதில்லை. கை இப்போது ஊசி ஊசியாகக் குத்தத் தொடங்கியிருந்தது. விரல்களை மடக்கிப் பார்த்தாள். மடங்கின.

கதவு மெல்லத் திறந்தது. "பாஸ்டர் ஆன்ட்டி, தூங்குறீங்களா? கலர் பென்சில் எடுக்கணும்." "தூங்கல. உன் ரூம்தானே, வா." அக்சா மேசை இழுப்பறையைத் திறந்து, ஒவ்வொரு பென்சிலாக எடுத்துக் கூர் பார்த்தாள். எடுத்து முடித்த பிறகும் போகவில்லை. "ஆன்ட்டி, உங்க லிடியா அக்கா ஸ்விம்மிங் போவாங்களா?" "ஏன்?" "என்னை உடமாட்டாங்க. ஏலகிரிக்கு டூர் போனப்பவும் போட்ல ஏத்தல. மிஸ் பக்கத்துலயே உக்கார வெச்சுட்டாங்க. இனிமே போலாம்னு அம்மா சொன்னாங்க." சுகிர்தா எழுந்து உட்கார்ந்தாள். "உனக்கு வர்றதுக்கு முன்னாடி ஏதாவது தெரியுமா கண்ணு?" "தெரியுமே. வயித்துல எறும்பு ஏறும். கீழேந்து மேல." பிள்ளை தன் சட்டைமேல் இரண்டு விரல்களால் எறும்பு நடப்பதைக் காட்டிற்று. "இன்னிக்கு ஏறிச்சா?" அக்சா பச்சைப் பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்தாள். "அம்மாகிட்டச் சொல்லமாட்டீங்கன்னா சொல்றேன். சொன்னா அம்மா அழுவாங்க, உனக்கு விசுவாசமில்லைம்பாங்க." "சொல்லு." "சாப்ட்டப்புறம் ஒரு வாட்டி ஏறிச்சு. இப்ப ஒரு வாட்டி. ஆனா முழுசா ஏறல, பாதியிலயே இறங்கிடுச்சு." சொல்லிவிட்டு அது பெருமையாகச் சிரித்தது, உடைந்த பல் தெரிய, ஏதோ பந்தயத்தில் வென்றுவிட்டதுபோல. சுகிர்தா அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். தனக்குள் ஏதாவது உடையும், ஏதாவது பொங்கும் என்று காத்திருந்தாள். ஒன்றும் பொங்கவில்லை. பொங்கினால்தான் எழுந்திருக்க வேண்டுமா என்ன என்று மட்டும் தோன்றிற்று, யாரோ பக்கத்திலிருந்து அமைதியாகச் சொன்னதுபோல. கால்களைத் தரையில் ஊன்றினாள். "என்கூட வா, கையைப் பிடிச்சுக்கோ" என்றாள்.

கூடத்தில் பியூலா மாலைக்கான வெள்ளைச் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். முன்னறையில் பாக்கியநாதன் பனியனோடு உட்கார்ந்து, செய்திக்கான குறிப்புகளில் சிவப்பு மையால் கோடிட்டுக்கொண்டிருப்பது திறந்த கதவு வழியாகத் தெரிந்தது.

"எழுந்துட்டீங்களா பாஸ்டரம்மா? காப்பி போடட்டுமா?"

"வேண்டாம். பியூலா, பிள்ளைக்கு மாத்திரையைக் குடு. இப்பவே குடு."

பியூலா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்திவைத்தாள். "என்ன சொல்றீங்க?"

"என் பொண்ணு இன்னிக்கும் மாத்திரை சாப்பிடுறா. பதினாறு வருஷமாச் சாப்பிடுறா. நிறுத்தின ஒன்பதாம் மாசம் பஸ் ஸ்டாண்டுல விழுந்துட்டா. நான் யார்கிட்டயும் சொல்லல. மேடையில நான் சொல்றதுல கடைசி வாக்கியம் பொய்."

சொல்லி முடித்துவிட்டாள். இவ்வளவு சிறியதா அது? மூச்சு வாங்கவில்லை, குரல் தழுதழுக்கவில்லை, கடையில் உப்பில்லை என்று சொல்வதுபோல வந்தது. அதனாலேயே பியூலாவின் முகத்தில் அது ஏறவில்லை. முதலில் அவள் விழித்தாள், பிறகு அவள் முகம் மெல்ல மலர்ந்தது, மலர்ந்து கண்கள் நிறைந்தன.

"சோதிச்சுப் பாக்குறீங்க இல்ல?" என்றாள். "எனக்குத் தெரியும் பாஸ்டரம்மா. நேத்துப் பிரசங்கத்துல ஐயா சொன்னாரே, கடைசி நேரத்துல கர்த்தர் விசுவாசத்தைச் சோதிப்பாருன்னு. நான் பின்வாங்க மாட்டேன். யாரு வந்து சொன்னாலும் மாட்டேன்."

சுகிர்தாவுக்கு ஒரு கணம் சிரிப்பு வரும்போல இருந்தது. பதினேழு ஆண்டுகள் சொன்னதை நம்பினார்கள். முதல்முறையாக உண்மையைச் சொன்னால், அதையும் அந்தப் பழைய பொய்யே வாங்கி விழுங்கிவிடுகிறது. "சோதனை இல்லைம்மா, நெஜம்" என்றாள். பியூலா தலையை ஆட்டினாள். "ஐயா!" என்று முன்னறையைப் பார்த்துக் கூப்பிட்டாள், "அம்மா என்னைச் சோதிக்கிறாங்க ஐயா, நீங்களாவது சொல்லுங்க."

பாக்கியநாதன் எழுந்து வந்து கதவருகில் நின்றார். கையில் சிவப்புப் பேனா திறந்தபடியே இருந்தது. சுகிர்தா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்தால் நாளைக்குச் சொல்லலாம் என்று தோன்றிவிடும். கைப்பேசியை எடுத்து மகளின் பெயரை அழுத்தினாள், ஒலிபெருக்கியைப் போட்டாள், இஸ்திரி மேசையின்மேல் வெள்ளைச் சேலை மீது வைத்தாள். நான்கு முறை மணியடித்தது.

"என்னம்மா, இந்த நேரத்துல? கூட்டம் இல்லையா?"

"லிடியா, இன்னிக்கு மாத்திரை போட்டியா?"

விடுதியில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போவது கேட்டது.

"பக்கத்துல யாரும்மா இருக்கா?"

"இந்த வீட்டு அம்மா இருக்காங்க. அவங்க பிள்ளை இருக்கு, ஒன்பது வயசு, அதுக்கும் உன்னை மாதிரித்தான். அப்பாவும் நிக்கிறாங்க."

"அப்பாவா?"

"ஆமா. சொல்லு."

பிறகு லிடியாவின் குரல் மாறிற்று, பரீட்சையில் எழுந்து நின்று விடை சொல்கிறவள் குரல்போல ஆயிற்று. "காலையில எட்டு மணிக்கு ஒண்ணு போட்டேன். ராத்திரி எட்டு மணிக்கு ஒண்ணு போடணும். ஒரு நாளும் விட்டதில்லைம்மா, போன வருஷம் ஒருதடவை விட்டேன், அப்பவும் விழுந்தேன், உனக்குச் சொல்லல. அந்தப் பிள்ளைக்கு நிறுத்திட்டாங்களா? நிறுத்தாதீங்கன்னு சொல்லும்மா. ஐயோ, சொல்லும்மா."

சுகிர்தா இப்போது கணவரைப் பார்த்தாள். அவர் கண்களை மூடிக்கொண்டிருந்தார். திடுக்கிட்டவர் முகத்தை அவள் அறிவாள், முப்பது ஆண்டுகளாகப் பார்த்த முகம் அது. இது அந்த முகமல்ல. இது நெடுநாள் சுமந்த பெட்டியை யாரோ வாங்கிக்கொண்டதுபோல, வாங்கியது பிடிக்காமலும் திருப்பிக் கேட்கத் திராணியில்லாமலும் நிற்கிறவருடைய முகம். பேனாவை மூடி, "பிள்ளைக்குக் குடுங்கம்மா" என்றார், மிகவும் தாழ்ந்த குரலில், பியூலாவைப் பார்க்காமல். அவ்வளவே சொன்னார். மாலையில் மேடையில் என்ன சொல்வது என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

பியூலா அசையவில்லை. "நேத்து நீங்க அழுதீங்களே" என்றாள். "அவ்வளவு அழுதீங்களே. அதுவும் பொய்யா?"

"தெரியல" என்றாள் சுகிர்தா. அதைவிட உண்மையான விடை அவளிடம் இல்லை. "கர்ச்சீப்பு எங்கே இருக்கு?"

அக்சாதான் ஓடிப்போய், வேதபுத்தகத்தின் அருகிலிருந்த முடிச்சை எடுத்துக்கொண்டுவந்து நீட்டினாள். சுகிர்தா முடிச்சை அவிழ்த்து, மேசைமேல் பரப்பி, "எதும்மா காலையிலது?" என்று பிள்ளையிடமே கேட்டாள். பிள்ளை ஒன்றைத் தொட்டுக் காட்டிற்று. அதைப் பிய்த்து எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். ஊழியத்துக்கு வந்த நாள்முதல் தங்கிய எந்த வீட்டிலும் அவளைச் சமையலறைக்குள் விட்டதில்லை, நீங்க உக்காருங்கம்மா, நாங்க கொண்டுவர்றோம் என்பார்கள். அதனால் எந்த வீட்டிலும் எது எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு கதவைத் திறந்தாள், பருப்பு டப்பாக்கள். மற்றொன்றைத் திறந்தாள், எண்ணெய். சமையல் மேடைமேல் தட்டுகள் இருந்தன, டம்ளர் இல்லை. கூடத்தில் கைப்பேசியில் லிடியா, "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மாத்திரை வியர்த்த உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது கதவில் கை வைத்தபோது பின்னாலிருந்து பியூலாவின் குரல் வந்தது, பாஸ்டரம்மா என்றோ அம்மா என்றோ சொல்லாமல், வறண்டு, கடுமையாக.

"அங்கே இல்ல. சிங்க்குப் பக்கத்துல, கூடையில கவுத்து வெச்சிருக்கு. வெந்நீர் பிளாஸ்க்குல இருக்கு, பச்சைத் தண்ணியில குடுத்தா துப்பிடுவா."